பூவில் குத்தகை

விடுதியில் ஒரே ஒரு இடம்தான் மிச்சம்.
பதினொன்று நிரம்பிவிட்டது, விவாதமே இல்லாமல்.
பன்னிரண்டாவதற்குத்தான் இந்த மூன்று டீ,
நமுத்துப்போன தட்டுவடை செட்டு,
காந்தி மைதானத்து விளக்குக் கம்பத்தில்
ஈசல் கூடத் தொடங்கிய நேரம்.

கோட்டையிலிருந்து ஃபர்ஹானா.
வயது பதினைந்து. ஐந்தடி மூன்று.
இருபது எறிதலில் பதினேழு.
அவள் விரலை விட்டுக் கிளம்பும் பந்து
வழி கேட்டுக்கொண்டுதான் கிளம்புகிறது.

நாகலூரிலிருந்து மோனிஷா.
கொண்டை ஊசி வளைவு இருபதும் இறங்கி
வாந்தி எடுத்த முகத்தோடு வந்தாள்.
பதினாலு வயதில் ஐந்தடி பதினொன்று.
அண்ணன் ஷூ, நுனியில் துணி திணித்தது.
பந்தைக் கையில் பிடித்து ஒன்பது மாதம்.
அதற்கு முன் எஸ்டேட்டில்
மிளகுக் கொடிக்கு ஏணி கேட்காத பெண்.

வளையத்துக்கு அடியிலேயே நின்று
சுலபமான ஒரு பந்தைத் தவறவிட்டாள்.
எகிறியதைத் தானே பிடித்தாள். மறுபடி தவறு.
பிடித்தாள். மறுபடி.
பிடித்தாள். நான்காவது உள்ளே விழுந்தது.
படிவத்தில் அது மூன்று தவறு, ஒரு சரி.
நடுவில் மூன்று முறை
வேறு எவள் கையும் எட்டாத உயரத்தில்
அவள் கை இருந்ததற்குக் கட்டம் இல்லை.

சிகாமணி சார் கணக்கு ஆள்.
"பூவைப் பார்த்துத் தோப்பைக் குத்தகைக்கு எடுக்காதீங்க.
மாசியில ஒரு மழை போதும், அத்தனையும் தரையில.
போன வருஷம் எடுத்தோமே மேச்சேரிப் பொண்ணு,
ஆறடி. தீபாவளிக்கு ஊருக்குப் போனவ
திரும்பி வந்தாளா?
காய் கண்ணு முன்னாடி நிக்குது, ஃபர்ஹானா."

ஜெசிந்தா விடவில்லை.
"காய்ச்ச பிறகு விலை பேச
நமக்கு ஏது சார் அவ்வளவு காசு?
அப்போ சென்னைக்காரன் லாரியோட நிப்பான்."
மணிக்கட்டு எக்ஸ்ரேயை விளக்குக்கு நேரே தூக்கினாள்.
எலும்பு முனையில் இன்னும் மூடாத
மெல்லிய கறுப்புக் கோடு.
இன்னும் இரண்டு அங்குலம், மூன்றும் ஆகலாம்
என்று டாக்டர் பென்சிலில் எழுதியிருக்கிறார்.
பேனாவில் எழுத அவருக்கே தைரியமில்லை.

விளையும் பயிர் முளையிலே தெரியுமாம்.
சொன்னவன் தேர்வுக் குழுவில் உட்கார்ந்ததில்லை.

என் முறை.
நானும் ஒரு பூக் குத்தகைதான்.
இருபத்திரண்டு வருடம் முன்பு, இதே மைதானம்,
உயரத்துக்காக எடுத்தார்கள்.
இரண்டாம் வருடம் ஈரோட்டில் ஒரு ஆட்டம்.
எகிறியது எனக்கு நினைவிருக்கிறது,
இறங்கியது முட்டிக்கு நினைவிருக்கிறது.
அணிக்கு என்னால் மொத்தம் நாற்பத்தொரு புள்ளி.
எனக்கு அந்தச் சான்றிதழில் ஒரு வேலை,
மாதம் பிறந்தால் சம்பளம், குரங்குச்சாவடியில் வீடு.
லாபம் யாருக்கு, நட்டம் யாருக்கு,
எந்தப் பேரேட்டில் போய்ப் பார்ப்பது?
அன்று காத்திருப்போர் பட்டியலில் முதல் பெயர்
வெ. கஸ்தூரி, ஆத்தூர்.
அவள் ஆடியிருந்தால் நாற்பத்தொன்றா, நானூறா.
தேடிப் பார்த்ததில்லை.
தெரிந்துவிடுமோ என்றுதான்.

மோனிஷா என்று எழுதினேன்.
நியாயம் என்று சொல்லமாட்டேன்.
மூன்று முறை பிடித்தாளே, அதற்காக.
என் முட்டிக்காகவும் இருக்கலாம்.
உறையை ஒட்டி சிகாமணி சார் கையெழுத்துப் போட்டார்.
கோபமில்லை. "மழை வராம பாத்துக்கோங்க" என்றார்.

ஏற்காட்டுக் கடைசி பஸ்ஸுக்கு
மோனிஷா ஓடிவிட்டிருந்தாள், முடிவு கேட்காமலே.
ஃபர்ஹானா இருந்தாள்.
வாசலில் அவள் அத்தாவின் டிவிஎஸ் உறுமிக்கொண்டிருந்தது.
சொன்னேன்.
காத்திருப்போரில் முதலிடம் என்றும் சொன்னேன்,
அதுவும் ஒரு இடம் என்பதுபோல.

"இன்னும் எத்தனை இன்ச் வேணும் மேடம்?"

பதிலுக்கு நிற்கவில்லை.
கோட்டுக்குப் போய்
பகலில் விட்ட மூன்றையும் போட்டாள்.
மூன்றும் வளையத்தைத் தொடாமல்
வலையை மட்டும் அசைத்தன.
உறை என் பையில் இருந்தது.
பசை இன்னும் காயவில்லை.