இதர விவரம்

ஏரிக்கொட்டாயில் பதினேழாவது வீடு.
காய்ச்சல்? இல்லை. இருமல்? இல்லை.
வெளியூரிலிருந்து வந்தவர்?
மகன். ஓசூரிலிருந்து. நடந்து.

புளி தட்டித் தட்டிக் காய்ப்பேறிய விரலைக்
கருவி கவ்வியது. எண் வரவில்லை.
அடுத்த விரல். அதற்கடுத்தது.
"செத்துட்டனா பாரு சார்"
மாதம்மாள் சிரித்தார். முகக்கவசம் நழுவ,
போர்வெல் தண்ணீர் பழுப்பேற்றிய பல்.

"பென்னாகரம் பஸ்ஸு எப்ப விடுவாங்க?
சக்கரை மாத்திரை தீந்து பதினோரு நாளாச்சு.
ஒடச்சி ஒடச்சித் தின்னும் பத்தல."

படிவத்தில் 'இதர' என்றொரு கட்டம்,
கட்டைவிரல் நகமளவு.
அதில் 'பஸ்' என்று எழுதினேன்.
மீதியைப் பின்பக்கத்தில்.

மலையிறங்கி, சிக்னல் கிடைத்த வளைவில்
படமெடுத்து அனுப்பினேன்.
முன்பக்கம் போதும் என்று பதில் வந்தது.

பின்பக்கத்தையும் அனுப்பினேன்.
இன்னும் ஒற்றை டிக்தான்.