கேட்பாரற்ற சரக்கு

மணலி கன்டெய்னர் கிடங்கில்
ஏழாம் எண் கொட்டகையில்
மூன்று கோடையாக ஒரு மரப்பெட்டி.
தகரக் கூரைக்குக் கீழே வெயில்
ஆறு மணிக்குப் பிறகும் வீட்டுக்குப் போகாது.
என் பதிவேட்டில் அதன் பெயர்:
திராட்சை மது, சிவப்பு, பிரான்சு, புட்டி பன்னிரண்டு,
விளைந்த ஆண்டு 1986, கேட்பாரற்றது.
சரக்கு என்றால் எங்கள் பக்கம் இரண்டு அர்த்தம்.
இரண்டுமாக இருந்த ஒரே பெட்டி அதுதான்.

வரவழைத்தவர் நுங்கம்பாக்கத்தில் யாரோ.
மகள் கல்யாணத்துக்கு என்று கேள்வி.
கல்யாணம் நடந்ததா, தெரியாது.
வரி ஒன்றரை மடங்கு, அதன்மேல் கொட்டகை வாடகை,
கடைசியில் புட்டியின் முதுகில்
ஒட்டவேண்டிய சீட்டு இல்லை என்று ஒரு கடிதம்.
பதில் வரவில்லை.

அழிக்கச் சொல்லி ஆணை வந்த அன்று
மதிப்பீட்டாளர் சிவப்பிரகாசம் சார்
கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தார்:
ஷாத்தோ வெர்லின்யாக்.
ஷாத்தோ என்றால் அரண்மனை என்றார்.
கொஞ்சம் யோசித்து, "பண்ணை வீடுன்னும் சொல்லலாம்."
கூழாங்கல் நிலமாம், வேறொன்றும் விளையாதாம்.
பூமிக்கடியில் அறை கட்டி
பதின்மூன்று டிகிரி இருட்டில்
படுக்கப்போட்டுக் காத்திருப்பார்களாம்,
இருபது வருஷம், முப்பது வருஷம்.
"காத்துக்கினே இருந்தா நல்லாயிடுமா சார்?"
"எல்லாம் ஆகாது. இது ஆகும்."
ஜாபர் ஒப்பந்தத் தொழிலாளி, பதினோராவது வருஷம்.
சிரித்துவிட்டு ஆணிபிடுங்கியை எடுத்தான்.

சீட்டில் மெல்லிய கோட்டில் ஒரு படம்.
வீடு, வரிசை வரிசையாய்க் கொடி,
வீட்டை விட்டுத் தள்ளி உருண்டையாய் ஒரு கோபுரம்,
அதில் ஆள் நுழையாத அளவில் பொந்து பொந்தாய் சன்னல்.
பறித்தவர்கள் யாரும் படத்தில் இல்லை.
தேடினேன்.
நாள் முழுக்க எண்ணுகிறவளுக்கு
ஆளில்லாத படம் கணக்கில் இடிக்கும்.

மூடியைத் திருப்பினால் உள்பக்கம்
தடித்த பென்சிலில் கோடுகள்.
நாலு நின்று, ஒன்று குறுக்கே சாய்ந்து.
மறுபடி நாலு, குறுக்கே ஒன்று.
அப்புறம் மூன்று; மூன்றாவதை அடித்திருந்தது.
எண்ணும்போது யாரோ கூப்பிட்டு
திரும்பி வந்து திருத்திய கை.
எனக்கும் அப்படி ஆகும்,
சரக்கு ரயில் ஊளையிடும்போது.

குழி தயாராக இருந்தது.
ஐந்து புட்டியில் தக்கை தலையைத் தூக்கியிருந்தது,
வழிந்தது கழுத்தில் பிசினாய்க் காய்ந்து.
ஒன்று காலி. விரிசல் வழியே எப்போதோ போயிருக்கிறது.
உடைக்க உடைக்க
அழுகிய நாவற்பழம், காடி, காய்ச்சின வெல்லம்.
ஈ வந்தது.
எட்டாவதோ ஒன்பதாவதோ,
மற்றவை சுற்றிப் படுத்து மறைத்த நடுப்புட்டி,
அது உடைந்தபோது யாரும் பேசவில்லை.
சீவின பென்சில். தூற்றல் விழுந்த மண்.
வெகுநாள் பூட்டிக்கிடந்த தோல்பெட்டி.
எல்லாவற்றுக்கும் அடியில் பழம், இன்னும் பழமாகவே.
கிறிஸ்துமஸுக்கு நான் ஜாடியில் ஊறவைப்பது
இனிக்கும், மறுநாள் தலைவலிக்கும்.
இது இனிப்பில்லை என்று மூக்குக்கே தெரிந்தது.
பழஞ்செங்கல் நிறத்தில் ஒரு நிமிஷம் தேங்கி
எண்ணெய் படிந்த மண்ணுக்குள் இறங்கியது.
ரிஃபைனரிக் காற்று வந்து இடத்தைப் பிடித்துக்கொண்டது.
சிவப்பிரகாசம் சார் கைக்குட்டையை எடுத்தார்.
வியர்வைக்குத்தான்.

சாட்சி என்ற இடத்தில் கையெழுத்திட்டேன், பெர்ப்பெத்துவா.
அழித்தது பதினொன்று, காலி ஒன்று.
ஒன்று மட்டும் நன்றாக இருந்தது என்று எழுத
படிவத்தில் கட்டம் இல்லை.

பெட்டி ஆணையில் இல்லை.
"யக்கா, பலகை நல்லாக்கீது, எட்த்துக்கினு போவட்டா?"
என்றான் கன்னியப்பன்.
காசிமேட்டில் அவன் மொட்டைமாடியில் இப்போது
பக்கவாட்டில் கிடக்கிறது.
சூடுபோட்டு எழுதிய பெயர் பாதி, மீதி எச்சம்.
போன ஞாயிறு மூடியை ஒதுக்கிக் குனிந்தேன்.
பந்தயப் புறா ஒன்று நகராமல் முறைத்தது.
கோடுகள் அப்படியே.
முட்டை இரண்டு.
"பதினெட்டு நாள்ல பொரிச்சிடும்" என்றான்,
மேலே பறப்பவற்றை
அண்ணாந்து எண்ணிக்கொண்டே.