இந்த அழைப்பு பதிவு செய்யப்படுகிறது

கூட்லு கேட், மூன்றாவது மாடி.
கீழே மெத்தைக்கடை. மேலே நாங்கள்:
பதினெட்டு நாற்காலி, ஆறு மொழி,
ஒரு ஜன்னல், அதுவும் ஏசிக்காக மூடியது.
ஹெட்போன் மாட்டிய பத்தாவது நிமிடம்
தமிழ்நாட்டில் எங்கே மழை, எங்கே கரன்ட் இல்லை
எல்லாம் தெரிந்துவிடும் எனக்கு.
பெங்களூரில் மழையா என்று
தெரிய ஏழு மணியாகும்.

"வணக்கம், மண்சொல் செயலியிலிருந்து மங்கை."
பெயரின் பின்பாதியில் இருந்த அரசியை
சேர்ந்த அன்றே வெட்டிவிட்டார் ரக்ஷித்.
ஒரு அழைப்புக்கு நான்கு நிமிடம்.
பெயருக்கு அவ்வளவுதான் ஒதுக்க முடியும்.

நேற்று பதினொன்று நாற்பதுக்கு
கொடுமுடிப் பக்கமிருந்து ஒரு குரல்.
மஞ்சள், ஒன்றேகால் ஏக்கர்.
அடியிலை பழுத்து ஓரம் கருகுகிறதாம்.
படம் அனுப்பினான்.
இலையோடு கட்டைவிரலும் விழுந்திருந்தது,
நகக்கண் மண்ணோடு.

திரை சொன்னது:
பொட்டாஷ் பற்றாக்குறை, எண்பத்தோரு சதவீதம்.
"தண்ணி நிக்குதா தோட்டத்துல?" என்றேன்.
"ஆமாங்க, வாய்க்கால் கசியுது. எப்படிங்க தெரியும்?"
"மூலையில கோரை முளைச்சிருக்கு."

கொஞ்சம் சும்மா இருந்தான்.
வடிகால் எங்கே வெட்டுவதென்று கேட்பான் என்றிருந்தேன்.
"அங்க வேலை காலி இருக்குங்களா?" என்றான்.

தவசீலன். இருபத்தாறு. டிப்ளமோ மெக்கானிக்கல்.
ஒன்பது பெண் பார்த்தாயிற்று.
எட்டாவது வீட்டில் காபி வந்தது, பெண் வரவில்லை.
தரகர் இப்போதெல்லாம்
'சொந்தத் தொழில்' என்று எழுதிக்கொள்கிறாராம்.
"பொய்யில்லீங்களே. சொந்தந்தான். தொழில்தான்."
இரண்டு பேரும் சிரித்துவிட்டோம்.
"சம்பளம் கம்மியானாலும் சரிங்க.
கழுத்துல ஒரு அட்டை தொங்கணும்."

என் அட்டையைப் பார்த்தேன்.
பதினெட்டாயிரத்து ஐந்நூறு. விடுதிக்கே எட்டு.

அவனிடம் சொல்லாதது:
பி.எஸ்சி. அக்ரி.
பாலக்கோட்டில் இரண்டேகால் ஏக்கர், வற்றாத கிணறு.
கேட்டேன். எல்லாரும் இருக்கும்போது,
சோற்றில் கை வைத்தபடியே கேட்டேன்.
சொட்டுநீர், கொடித்தக்காளி, மூன்று வருட வரவுசெலவு
அச்செடுத்துக் கொண்டுபோயிருந்தேன்.
அப்பா கடைசிப் பக்கம்வரை பார்த்தார்.
"கூட்டல் சரியாத்தான் இருக்கு.
இன்னொரு வீட்டுக்குப் போறவ
இங்க எதுக்கு போர் போடணும்?"

நிலம் தம்பி பேருக்கு.
தம்பி இளங்குமரன் இதே ஊரில், பெல்லந்தூரில்,
மழையில் பிரியாணி கொண்டுபோகிறான்.
பட்டா அவன் போனில் பிடிஎஃப்.
ஒரு தடவைகூடத் திறந்து பார்க்கவில்லை என்றான்,
பெருமையாகவும் இல்லை, வருத்தமாகவும் இல்லை.
எனக்கு ஐந்து பவுன். காதில் அரை, மிச்சம் அடகில்.

நான்கு நிமிடம் எப்போதோ தாண்டியிருந்தது.
திரை ஓரம் சிவந்து சிவந்து அணைந்தது.
கண்ணாடிக்கு அந்தப் பக்கம்
ரக்ஷித் மணிக்கட்டைத் தட்டிக் காட்டினார்.

"பள்ளத்துப் பக்கமா முழங்கால் ஆழம் வெட்டுங்க,
இன்னிக்கே. அழுகின செடியைப்
பிடுங்கித் தோட்டத்துக்கு வெளிய போடுங்க.
பொட்டாஷ் வாங்காதீங்க, காசு தண்டம்."
இது எழுதிக்கொடுத்த வசனத்தில் இல்லை.
அடுத்ததும் இல்லை:
"உங்க பக்கம் குத்தகைக்கு அரை ஏக்கர் கிடைக்குமா?"

"யாருக்குங்க?"

"எனக்கு."
அவன் தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாதே என்று
"கல்யாணப் பேச்சு இல்லீங்க, குத்தகைப் பேச்சு.
வருசத்துக்கு எவ்வளவு, மோட்டார் யாரோடது,
அதை மட்டும் சொல்லுங்க."

அவன் முனையில் ஒரு டிராக்டர்
தாண்டிப் போகும்வரை பேச்சில்லை.
"விசாரிக்கிறேங்க" என்றான்.
"நீங்களும் அங்க விசாரிங்க."

பிறகு அவனுக்கு வழக்கமான குறுஞ்செய்தி போயிருக்கும்:
பிரச்சினை தீர்ந்ததா?
ஆம் எனில் ஒன்று, இல்லை எனில் இரண்டு.
சாயங்காலம் வரை பார்த்தேன்.
அவன் எதையும் அழுத்தவில்லை.

இன்று பதிவைக் கேட்டிருக்கிறார் ரக்ஷித்.
மண்டியாக்காரர். தமிழ் அரைகுறை.
ஹெட்போன் கழுத்தில் தொங்க
என் மேசைக்கு வந்து நின்றார்.
பதினோரு நிமிடத்துக்குக் கணக்கு சொல்ல எழுந்தேன்.

"அர்த எகரே சாக்கா?" என்றார்.
போதுமா என்கிறார், அரை ஏக்கர்.