பத்து லட்சத்தில் மூன்று

பத்து லட்சம் அணுக்கருக்கள்
காந்தத்துக்குள் நின்று வாக்களிக்கின்றன.
பாதி மேலே என்கின்றன, பாதி கீழே.
ஒன்றையொன்று அடித்துக்கொண்டது போக
மூன்றே மூன்று மிச்சம்.
அந்த மூன்றின் முணுமுணுப்பைத்தான்
இத்தனை காலமும் சமிக்ஞை என்றோம்.

ஆர்ஹுஸ். பிப்ரவரி. காலை ஏழேகால்.
ஜன்னலில் இன்னும் இருட்டு.
குளிர் இனி இறங்க இடமில்லாத தளத்துக்கு
ஒரு டிகிரி மேலே, ஹீலியத்தின் மடியில்
ஒன்றரை கிராம் பைருவிக் அமிலம்.
அந்தக் குளிரில் எலெக்ட்ரான்கள்
ஏறக்குறைய எல்லாமே ஒரே கட்சி.
நுண்ணலை அவற்றின் பேச்சைக்
கார்பனின் காதில் ஓதுகிறது,
மூன்று மணி நேரம், விடாமல்.
இதைத் தேர்தலில் செய்தால் சிறை, என்கிறான் டோர்கில்.
நமக்கு ஐந்தாண்டு நிதி.

சுவருக்கு அப்பால் எபே லுன் படுத்திருக்கிறார்.
துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவர்.
அவர் இதயத்தின் ஒரு மூலை
இறந்துவிட்டதா, உறங்குகிறதா?
உயிர் இருந்தால் பைருவேட்டை எரிக்கும்,
எரித்த இடத்தில் பைகார்பனேட் தெரியும்.
கேள்வி அவ்வளவுதான்.

கொதிநீர் பாய்ந்தது. பனி ஒரு நொடியில் நீரானது.
நீர்மேல் எழுத்து என்பார்கள்;
நாங்கள் நீருக்குள்ளேயே எழுதியிருந்தோம்,
நிமிடத்துக்கு ஒருமுறை
பாதிக்கு மேல் அழிந்துபோகும் எழுத்து.
சிட்செல் அளவுகோலைப் பார்த்தாள்.
வடிகட்டியில் எதுவோ நின்றுவிட்டிருந்தது.
"கூடாது" என்றாள்.
அவள் அந்தச் சொல்லைச் சொல்லி முடிப்பதற்குள்ளேயே
அது பாதி வெறும் அமிலம்.
நான்கு லட்சம் வாக்குகள்
கழுவுதொட்டியில் போயின.

எபே குறுக்கெழுத்துக்குத் திரும்பினார்.
நாங்கள் மறுபடி முதலிலிருந்து.

மதியம் ஒன்றரைக்கு அவள் தலையசைத்தாள்.
நான் ஓடினேன். பதினேழு அடி; எண்ணியிருக்கிறேன்.
ஊசி. மூச்சை நிறுத்தச் சொன்னார்கள்.

இதில் ஒரு கொடுமை உண்டு:
பார்ப்பதே செலவு.
ஒவ்வொரு படமும் கையிருப்பிலிருந்து
ஒரு பிடி அள்ளிக்கொள்கிறது.
கஞ்சனைப்போல் பார்த்தோம்.
முதல் படத்தில் இதயத்தின் அறை முழுக்க வெளிச்சம்.
இரண்டாவதில் தசையின் விளிம்பு.
மூன்றாவதில் அந்த மூலையில்,
துடைத்த கண்ணாடியில் தங்கிய ஈரம்போல,
பைகார்பனேட்.
டோர்கில் எதுவும் பேசவில்லை.
நான்காவதிலும் இருந்தது, மங்கலாக.
ஐந்தாவதில் இரைச்சல் மட்டும்.

எபே எழுந்து உட்கார்ந்தார்.
அவர் ரத்தத்தில் கார்பன்கள் ஏற்கெனவே
பாதி மேலே, பாதி கீழே,
தம் பழைய வழக்குக்குத் திரும்பியிருந்தன.
கீழே உணவகத்தில்
ரை ரொட்டி தீர்ந்திருக்குமா என்று கேட்டார்.
காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லையாம்.