ஐம்பத்தோராவது கேள்வி

திருச்செங்கோட்டில், சங்ககிரி ரோட்டில்
எங்கள் ரிக் ஆபீசுக்கு
ஈரோட்டிலிருந்து ஒரு பையன் வந்தான், பிரணவ்.
வெள்ளைக் கட்டம் ஒன்றைத் திறந்து வைத்து
"ஜனங்க என்ன கேப்பாங்கக்கா?
அம்பது கேள்வி குடுங்க, அம்பதுக்கும் பதில் குடுங்க.
மிச்சத்த அது பாத்துக்கும்" என்றான்.

பதினோரு வருஷமாக இந்தப் போனை எடுக்கிறேன்.
அடிக்கு என்ன ரேட்டு.
கேசிங் பைப்பு உங்களதா, எங்களதா.
காட்டுக்குள் வண்டி இறங்குமா, வரப்பு தாங்குமா,
தென்னைமட்டை இடிக்குமா.
ராய்ப்பூர் போன வண்டி எப்போது திரும்பும்.
கேட்கிறவர் விவசாயியா மேஸ்திரியா என்று
முதல் அலோவிலேயே எனக்குத் தெரியும்.
கட்டத்துக்கு அலோ கிடையாது.

முப்பத்தேழில் நின்றுவிட்டேன்.
தண்ணி வரலைன்னா?

போனில் இதற்கு முதலில் ஒரு மூச்சு விடுவேன்.
அப்புறந்தான் சொல்வேன்,
ஓட்டுன அடிக்குக் காசு குடுத்துத்தான் ஆகோணுங்க.
மூச்சை எப்படி டைப் அடிப்பது?
பிரணவ் தலையைச் சொறிந்தான்.
"டிலே வெக்கலாங்க்கா. ரெண்டு செகண்டு.
மூணு புள்ளி ஓடும்."
நான்கு வைத்தேன்.

முதலாளி செங்கோட்டுவேல் வந்தார்,
முழங்கை வரைக்கும் பாறைமாவு.
நின்றபடியே ஒற்றை விரலால் தட்டினார்:
எத்தன அடியில தண்ணி வரும்?

மூன்று புள்ளி ஓடியது.
"வணக்கம்! தங்கள் நிலத்தில் நானூற்று இருபது அடியில்
நல்ல நீர் உறுதியாகக் கிடைக்கும்."

"அட, யார்றா இவன்!
தேங்காய உள்ளங்கையில நிறுத்தி நடக்கறவருகூட
இப்படி அடிச்சுச் சொன்னதில்ல.
அதுவும் நானூத்தி இருபதாமா!
எங்க காட்டுலயே ஆயிரத்தி நூறுக்குப்
பொகதான் வந்துச்சு."

"தெரியாட்டியும் ஏதாச்சும் சொல்லுங்க சார்.
அதோட பழக்கம் அது."

அந்த மத்தியானம் முழுக்க
தெரியாதுங்க என்கிற ஒரு சொல்லைப் பழக்கினோம்.
"துல்லியமாகக் கூற இயலாது, எனினும்" என்றது.
எனினுமை வெட்டினோம்.
"தோராயமாக" என்று வந்து நின்றது. அதையும் வெட்டினோம்.
டீ ஆறி ஆடை கட்டியபிறகு, ஐந்தரை மணிக்கு:
தெரியாதுங்க. ஓட்டிப் பாத்தாத்தானுங்க தெரியும்.

முதலாளி மேஜையைத் தட்டினார்.
"இப்ப நம்ம ஆளு."
கங்கா என்று பேர் வைக்கலாமா என்றான் பிரணவ்.
"கங்கைன்னு பேர வெச்சுக்கிட்டுத்
தண்ணி தெரியாதுங்கறதா?"
பேரில்லாமலே விட்டோம்.

மறுநாள் காலை திறந்து பார்க்கிறேன்.
ராத்திரி ரெண்டு பதினேழு. முத்தூர்ப் பக்கம்.

இது மூணாவது போர்ங்க. இதுலயாச்சும் வருமா

தெரியாதுங்க. ஓட்டிப் பாத்தாத்தானுங்க தெரியும்.

சரிங்க

பதினொரு நிமிஷம் ஒன்றுமில்லை.
பிறகு,

நீங்க தூங்கலீங்களா

அதற்கு அது சொல்லியிருக்கிறது:
"மன்னிக்கவும். தங்கள் வினா புரியவில்லை.
கீழ்க்கண்டவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கவும்.
விலைப்பட்டியல். வாகன முன்பதிவு."

அவர் எதையும் தேர்ந்தெடுக்கவில்லை.

பிரணவைக் கூப்பிடவில்லை.
நானே கட்டத்தைத் திறந்தேன். ஐம்பத்தொன்று.
தூங்கலீங்களா?
நான் மிசினுங்க, எனக்குத் தூக்கமில்லீங்க.
காலைல எட்டரைக்கு ஆபீசுல ஆள் இருப்பாங்க.
பேரு துளசிமணி. கூப்புடுங்க.

படித்துப் பார்த்தேன்.
எட்டரையை அழித்து ஏழு என்று போட்டேன்.
மல்லசமுத்திரத்தில் ஆறேகாலுக்கு ஒரு பஸ் உண்டு என்பார்கள்.
ஏறிப் பார்த்தால்தான் தெரியும்.