பூஜ்ஜியத்திலிருந்து எட்டு நொடி

காற்றுக்கு ஒழுங்கு தெரியாது.
ஓங்கியும் ஓய்ந்தும் அது தருவதையெல்லாம்
கடல்மேடையின் மூன்றாம் தளத்தில்
நறுக்கிப் போடுகிறோம்.

பூட்டிய கூடம்.
மின்சாரம் இருக்கையில் ஆள் நுழையக் கூடாது.
கூரையிலிருந்து தொங்கும் அடுக்குகளுக்குள்
நகத்தளவு சிலிக்கான் சில்லுகள்
திறந்து மூடித் திறந்து மூடி
மின்னழுத்தத்தைப் படிக்கட்டாய் எழுப்புகின்றன.
தள்ளி நின்று பார்த்தால் அலை.
கிட்டப் போனால் எல்லாம் படி.

இத்தனை நாளும் நாங்கள் கரைக்கு ஒத்து ஊதியவர்கள்.
நொடிக்கு ஐம்பது என்று அது துடிக்கும்,
காது கொடுத்துக் கேட்டு
அதே துடிப்பில் நுழைவோம்.
கரை நின்றால் நாங்களும் நிற்போம்.
நிரலில் அப்படித்தான் எழுதியிருந்தது.
எழுதியவள் நான்.

இன்று கரையைத் துண்டித்துவிட்டோம், வேண்டுமென்றே.
"இனி உங்கள் பாடு, ஃபென்னா"
எம்டனின் கட்டுப்பாட்டு அறையிலிருந்து தியார்க்.
அதிகாலை நான்கு பத்து.
வெளியே எண்பது காற்றாலைகள்
இறக்கையை ஒருக்களித்து இருட்டில் நிற்கின்றன.
வடகடல் மட்டும் யாரையும் கேட்காமல்
தன் வேலையைப் பார்க்கிறது.

முதல் முயற்சி, ஒரே தாவலில் முழு அழுத்தம்.
மின்மாற்றி ஒரே மிடறில் குடிக்கப் பார்த்தது.
ரிலே விழுந்தது.
இரண்டாம் முயற்சியும் அதேதான்,
கொஞ்சம் கூடுதல் மரியாதையோடு.

கிரேன் ஓட்டும் ஹில்கோ தேநீர் கொண்டுவந்தான்.
ஃப்ரீசியர் வழக்கம்:
முதலில் கல்கண்டு, மேலே கொதிக்கும் தேநீர்,
ஓரமாய் வழியவிட்ட ஒரு கரண்டி பாலேடு.
கலக்கக் கூடாது.
கல்கண்டு விரிசல் விடும் சத்தம்
ஐயாயிரம் டன் இரும்புக்குள் துல்லியமாய்க் கேட்டது.
"சட்டென்று ஊற்றினால் கோப்பையும் போய்விடும்" என்றான்.
கோப்பையைப் பற்றித்தான் சொன்னான்.
நான் ஏற்கெனவே
அந்த வரியைத் திருத்திக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் முறை
பூஜ்ஜியத்திலிருந்து.
பத்து விழுக்காடு. இருபது.
மின்மாற்றி முனகியது,
பிறகு முனகலே அதன் குரலாயிற்று.
ஐம்பது. அறுபது.
எதிரே காது கொடுக்க யாருமில்லை.
மின்கல அறையில் மிச்சமிருந்த சேமிப்பும்
எண்ணிச் சொல்ல ஒரு குவார்ட்ஸ் துணுக்கும்,
அவ்வளவுதான் கைவசம்.
தொண்ணூறு.

நூறு.

நடைவழிக் குழல்விளக்கு
இருமுறை சிமிட்டி, நின்று எரிந்தது.
யாரும் கைதட்டவில்லை.
இன்ஸா மூக்கைச் சிந்தினாள்,
ஜலதோஷம் என்றாள்.

தெற்கு வரிசையில் பதினேழாம் காற்றாலை
தலையைத் திருப்பிக் காற்றைத் தேடிற்று.
பிறகு இருபத்திரண்டு.
பிறகு, யாரும் எதிர்பாராமல்,
வாரமெல்லாம் மக்கர் செய்த நான்கு.

ஐந்தே முக்காலுக்குத் தியார்க் கேட்டான்,
"இணைக்கலாமா?"
திரையில் இரண்டு அலைகள்,
அவர்களுடையதும் எங்களுடையதும்.
ஒன்றை ஒன்று மெல்லத் தாண்டிப் போயின,
ஒரே தெருவில் நடக்கும்
அறிமுகமில்லாத இருவர் போல.

இரு, என்றேன்.

கரை காத்திருந்தது.
கோப்பையின் அடியில்
இன்னும் கரையாத கல்கண்டு.