மூன்றாம் மேசைக்கு மேல் விளக்கு

நாற்பத்தெட்டு வயதில்
இருபத்திரண்டு பக்கங்களாக
என்னை எனக்கு அனுப்பியிருந்தார்கள்.
திங்கட்கிழமை, மின்னஞ்சலில்.
டன்டெனோங் ஆஸ்பத்திரியின் நிலக்கீழ் அறையில்
புட்டுப் பெட்டி திறந்தபடி இருக்க
பதினேழாம் பக்கம் வரை வாசித்தேன்.
புட்டு ஆறிவிட்டது.

என் வேலை எண்ணுவது.
சத்திரசிகிச்சை முடிந்து வரும் தட்டுகளில்
கத்தரிக்கோல் ஆறு, ஊசிபிடி நான்கு,
இடுக்கி பன்னிரண்டு.
கழுவி, உலர்த்தி, பூதக்கண்ணாடியில் பிணைச்சல் பார்த்து
நீலத்துணியில் சுற்றி நீராவிக்குள் அனுப்புவேன்.
பத்தொன்பது வருடத்தில் என் தட்டு ஒன்றுகூடத்
திரும்பி வந்ததில்லை.
பெருமைக்குச் சொல்லவில்லை.
பெருமைக்கும் தகவலுக்கும்
என் குரலில் வித்தியாசம் தெரியாதாம்.
பக்கம் ஒன்பது.

சின்னனில் எப்படி இருந்தீர்கள் என்று சொல்ல
ஆராவது வேண்டும் என்றார் உளவியலாளர்.
எட்மன்டனில் இருக்கிற அண்ணனைப் பிடித்தோம்.
எங்களுக்குப் பகல், அவனுக்குச் சாமம்.
"சட்டைக் கழுத்தில தைச்சிருக்கிற துண்டை
வெட்டாமல் போடமாட்டாள்.
பள்ளிக்கூட மணி அடிச்சால் மேசைக்குக் கீழ போயிடுவாள்.
பொம்மர் சுத்தேக்க மட்டும்
பங்கருக்குள்ள அசையாமல் இருப்பாள்.
தைரியசாலி எண்டு நினைச்சம்."
பிறகு கனநேரம் ஒன்றும் கேட்கவில்லை.
அங்கே பனி பெய்கிறதாக்கும் என்று நினைத்தேன்.
பனிக்குச் சத்தம் இல்லை.
அவன் மூக்கைச் சிந்தினான்.

ஊரில் அதற்குப் பெயர் திமிர்.
மாமி வீட்டில் ஊமைக்குசும்பு.
ஸ்பிரிங்வேல் மண்டபத்துச் சாமத்திய வீட்டில்
ஒலிபெருக்கிக்குப் பக்கத்து மேசையிலிருந்து
நான் எழும்பிப் போனதற்கு
"எங்களோட இருக்க அவவுக்கு என்னவோ மாதிரி."
காருக்குள் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு
எதிரே நின்ற வாகனங்களின் இலக்கங்களைக்
கூட்டிக்கொண்டிருந்தேன்.
நிமலன் கடதாசித் தட்டில் கேக் கொண்டுவந்தார்.
ஒன்றும் கேட்கவில்லை.
இருபது வருடமாக அவர் கேட்காததையெல்லாம்
அன்பென்று எடுப்பதா, அலுப்பென்று எடுப்பதா?
போன கிழமைதான் கேட்டேன்.
"ரெண்டும்தான்" என்றார்,
கோப்பையைக் கழுவியபடி.
எனக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது.

'எப்படி இருக்கிறாய்' என்பது இந்த நாட்டில் கேள்வி இல்லை.
அது தெரிய முன்னம்
நடந்து போய்க்கொண்டிருந்த எத்தனை முதுகுகளுக்கு
விரிவாகப் பதில் சொல்லியிருப்பேன்.
கண்ணைப் பார்த்துக் கதை என்பார்கள்.
புருவங்களுக்கு நடுவே பார்த்தால் போதும் என்று
கொழும்பில், விசா வரிசையில் கண்டுபிடித்தேன்.
இன்றுவரை ஒருவரும் பிடிபடவில்லை. இல்லை,
நான் பிடிபடவில்லை.

மூன்றாம் மேசைக்கு மேலே ஒரு குழல்விளக்கு.
என் மேசை.
ஒரு இலையானை மண்டைக்குள் விட்டுத் தைத்ததுபோல
அது இரைந்துகொண்டிருந்தது.
எல்லாருக்கும் கேட்கிறது, எல்லாரும் தாங்குகிறார்கள்,
நான்தான் ஏலாதவள் என்று இருந்துவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை பெவர்லியின் கதவைத் தட்டினேன்.
குளியலறையில் ஒத்திகை பார்த்த வசனங்கள் பதினொன்று.
முதலாவது முடியவே
"எந்த விளக்கு?" என்றா.
மீதிப் பத்தையும் என்ன செய்வதென்று தெரியாமல்
ஏந்திக்கொண்டு நின்றேன்.

வியாழன் காலை ஏணியோடு ஒரு பெடியன் வந்தான்.
குழலைக் கழற்றிக் கக்கத்தில் வைத்தான்.
"வேற ஏதும்?" என்றான். போனான்.
நான்கு நிமிடம்.

பக்கத்து மேசை ஹான் நிமிர்ந்து பார்த்து
வியட்நாமிய மொழியில் ஏதோ சொன்னாள், பெருமூச்சோடு.
உனக்கும் கேட்டதா என்று
நான் கேட்டிருக்க வேண்டும்.

சந்தோசம் வரும் என்று காத்திருந்தேன்.
வந்தது கோபம்.
நான்கு நிமிடம்!
யாரைத் திட்டுவதென்று பார்த்தால்
அறையில் ஒருவருமில்லை,
நீராவி இயந்திரம் மட்டும்
தன்பாட்டில் பெருமூச்சு விட்டது.

அன்று பின்னேரத் தட்டில் இடுக்கி பதினொன்று.
திரும்ப எண்ணினேன். பதினொன்று.
மேசைக்குக் கீழே பார்த்தேன்,
கழுவுதொட்டியில் பார்த்தேன்,
அறை முழுக்க இவ்வளவு அமைதி
என்ன செய்வதென்று தெரியாமல் நின்றது.
மூன்றாம் முறை தொடங்கும்போதுதான் கண்டேன்,
பன்னிரண்டாவது
என் கையில் இருந்தது.
கனநேரமாகப் பிடித்திருக்கிறேன்போல.
சூடேறியிருந்தது.